அப்பாவுக்கு ஏன் மூன்று தலையணை?

வாசகர் கடிதம் (‘சயா’ என்பது பர்மாவில் டாக்டரை மரியாதையாக அழைக்கும் சொல்):

“சயா, பெகுவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது. இளவயதில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார், பிறகு டீக்கடை வைத்தார். முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டல மாத்திரையை ஏழெட்டு வருடமாகச் சாப்பிடுகிறார். பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும்போது மட்டும்தான் போடுவார். நாலு மாதமாகக் கால் வீங்குகிறது, ராத்திரி இருமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது. ராத்திரியில் நாலு தரம் சிறுநீர் கழிக்க எழுகிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். டி.பி.யோ என்று சளி பார்த்தோம், இல்லை. ரங்கூனில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, ‘இதயச் செயலிழப்பு, இ.எஃப். 32 சதவீதம்’ என்றார்கள். அத்தை அங்கேயே ஒப்பாரி வைத்துவிட்டார். நெஞ்சு வலி என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லையே, இது எப்படி வந்தது? மலேசியாவில் இருக்கும் தம்பி ‘பணம் அனுப்புகிறேன், ஆபரேஷன் செய்துவிடு’ என்கிறான். பஸ்ஸில் போகிற நாளில் அப்பா நீர் மாத்திரை போட மறுக்கிறார். ஙப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது) இல்லாமல் சோறு இறங்காது என்கிறார். பங்குனியில் தீ மிதிப்பதாக வேண்டுதல் வேறு. இன்னும் எத்தனை நாள் இருப்பார் சயா?”

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அத்தையைச் சமாதானப்படுத்துங்கள். சின்ன நோய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒப்பாரி வைக்க வைத்தது நோயை விட அந்தப் பெயர்தான். ‘செயலிழப்பு’ என்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் கை கால் ஓடும்? இதயம் துடிப்பதையே நிறுத்திவிடுவது வேறு, அது சில நிமிடங்களில் உயிரை எடுப்பது. ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போவது மாரடைப்பு, அது இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது மூன்றாவது. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உடம்பு கேட்கிற அளவுக்குத் தள்ள முடியாமல் தளர்ந்துவிட்டது. நான் என் நோயாளிகளிடம் இதயத் தளர்ச்சி என்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள்.

அடுத்தது அந்த 32. ‘நூற்றுக்கு முப்பத்திரண்டுதான் வேலை செய்கிறது, மீதி 68 போய்விட்டது’ என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு அப்படி இல்லை. இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது அதில் ஏறக்குறைய 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகும், மிச்சம் உள்ளேயே இருக்கும். அப்படிப் போகிற பங்குதான் இ.எஃப். நல்ல இதயத்துக்கே அது 55 முதல் 70 வரைதான். நூறு யாருக்கும் கிடையாது. ஆகவே அப்பாவின் 32-ஐ நூறோடு ஒப்பிடாமல் அறுபதோடு ஒப்பிடுங்கள். குறைவுதான், ஏறத்தாழ பாதி. ஆனால் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு இது ஏறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இ.எஃப். 50-க்கு மேல் இருந்தும் இதே நோய் வருவதுண்டு. அவர்களுக்கு இதயம் தள்ளுவதில் குறை இருக்காது, தசை விறைத்துப்போய் சரியாக விரிந்து நிரம்பாது. வயதான பெண்கள், பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள், பருத்த உடம்புக்காரர்கள் இதில் அதிகம்.

சரி, தலையணைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எக்கோ சீட்டை விட எனக்கு அதிகம் சொன்னது அந்த மூன்று தலையணைதான்.

இதயம் முன்னால் தள்ளுவது குறைந்தால் பின்னால் தேங்கும். இடது பக்கம் தேங்கினால் தண்ணீர் நுரையீரலுக்குள் கசியும், வலது பக்கம் தேங்கினால் காலிலும் வயிற்றிலும் ஈரலிலும் சேரும். பெரும்பாலும் இடதில் தொடங்கி வலதையும் இழுத்துக்கொள்ளும், உங்கள் அப்பாவுக்கு இரண்டும் இருப்பது தெரிகிறது. பகல் முழுவதும் நடமாடும்போது தண்ணீர் காலில் இறங்கி நிற்கிறது. ராத்திரி படுத்ததும் அது மெல்ல மேலே ஏறி ரத்தத்தில் கலக்கிறது. தளர்ந்த இதயத்துக்கு அவ்வளவையும் சமாளிக்க முடியாது. நுரையீரல் ஈரமாகிறது, இருமல் வருகிறது, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். ராத்திரியில் நாலு தரம் சிறுநீர் கழிக்க எழுவதும் இதனால்தான். தலையை உயர்த்தி வைத்தால் கொஞ்சம் தாங்குகிறது, ஆகவே ஒரு தலையணை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. பசி எடுக்காமல் இரண்டு வாயிலேயே வயிறு நிரம்பிவிட்டதென்று தட்டை நகர்த்துவதற்கும் காரணம் இதுதான். ஈரலிலும் குடலிலும் நீர் கோத்திருக்கும். ஆள் இளைத்துக்கொண்டே போவார், எடை மட்டும் ஏறும்.

இதை நான் பாடமாகப் படித்த வருடத்திலேயே என் வீட்டில் கோட்டை விட்டேன். அம்மா பாயில் படுப்பதை விட்டுவிட்டு வராந்தாவில் சாய்வு நாற்காலியில் தூங்கத் தொடங்கினார். கேட்டால் ‘அங்கேதான் காத்து வருது’ என்பார். நானும் நம்பினேன். படிப்பைக் கேட்டு வந்த உறவுக்காரர்களிடம் பீற்றிக்கொள்ள நேரம் இருந்தது, அம்மா ஏன் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று யோசிக்க நேரம் இல்லை. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவருடைய இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது, அது தெரிய இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. இருமலென்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது நம் நாட்டில் சரியான காரியம்தான், டி.பி. அதிகம் உள்ள ஊர் இது. ஆனால் சளியில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த கேள்வி ‘எத்தனை தலையணை?’ என்பதாக இருக்கவேண்டும்.

கால் வீக்கத்தில் பாதிக் குற்றவாளி சிறுநீரகம். பாவம், அது தப்பாகப் புரிந்துகொள்கிறது. இதயம் தளர்ந்து தனக்கு வருகிற ரத்தம் குறைந்ததும், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டுகிறது. பேதியிலும் ரத்தப்போக்கிலும் அப்படித்தான் குறையும், காலங்காலமாக அதற்குப் பழகிய உறுப்பு அது. உடனே சிறுநீரில் போகவேண்டிய உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்பு எங்கேயோ தண்ணீரும் அங்கே. அதோடு ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லிச் சில ரசாயனங்களையும் கிளப்பிவிடுகிறது. தளர்ந்த இதயத்துக்கு முன்னால் குழாய் இறுகுகிறது, பின்னால் சுமை கூடுகிறது. இதயம் இன்னும் தளர்கிறது, சிறுநீரகம் இன்னும் பிடித்து வைக்கிறது. மருந்தெல்லாம் இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதற்குத்தான்.

‘நெஞ்சு வலியே இல்லையே’ என்கிறீர்கள். வலி வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பாவின் விஷயத்தில் என் முதல் சந்தேகம் பிரஷர் மேல். ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கனமான கதவைத் தள்ளுவது போல வேலை செய்கிறது. தசை முதலில் தடிக்கும், பிறகு ஓய்ந்துபோய் அறை விரிந்துவிடும். தலை சுற்றல் பிரஷருக்கு அளவுகோல் கிடையாது. 180 இருக்கும்போதும் ஒன்றும் தெரியாமல் டீ ஆற்றிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது சந்தேகம், வலியில்லாமல் வந்து போன மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இது நேர்வதுண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை, உடனே பார்த்துவிடுங்கள். தம்பி சொல்லும் ஆபரேஷனும் இங்கேதான் வருகிறது. இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்டோ பைபாஸோ உதவலாம், வால்வு கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யலாம். பிரஷரால் தசை ஓய்ந்ததென்றால் வெட்டித் திறந்து சரிசெய்ய உள்ளே ஒன்றும் இல்லை. ஆகவே தம்பியிடம், இப்போதைக்குப் பணத்தை மாதாமாதம் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அடைப்பு உண்டா, ஆஞ்சியோகிராம் தேவையா என்று எக்கோ எடுத்த டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

மற்ற காரணங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்கு உதவும். இளவயதுக்காரர்களுக்கு இங்கே முக்கிய காரணம் என் அம்மாவுக்கு வந்த அந்த வால்வு நோய். குழந்தைக்கு வரும் தொண்டைப்புண்ணுக்கு ஒழுங்காக வைத்தியம் பார்க்காததில் தொடங்குவது அது. பிரசவத்தையொட்டி, கடைசி மாதத்திலோ குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளோ சில பெண்களுக்கு இதயம் தளர்வதுண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்குவது சகஜம் என்று பாட்டிமார் தள்ளிவிடுவார்கள், மூச்சும் முட்டினால் தள்ளக்கூடாது. வருடக்கணக்கான சாராயம், வைரஸ் காய்ச்சல், தைராய்டு, கடுமையான ரத்தசோகை, தாறுமாறான நாடித்துடிப்பு இவையும் இதயத்தைத் தளர்த்தும்.

இன்னொரு காரணம் நம் பக்கத்தில் மறக்கக்கூடாதது: பெரிபெரி. பி1 விட்டமின், அதாவது தயமின், குறைந்தால் கால் வீங்கி மூச்சு முட்டி இதயம் தளரும். தீட்டிய வெள்ளை அரிசி, அதையும் பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, கூட ஒரு துண்டு கருவாடு என்று வயிற்றைக் கழுவுகிற வீடுகளில் வருவது. வெற்றிலை பாக்கும் கடுந்தேயிலையும் இருக்கிற தயமினையும் வீணாக்கும். இதில் நம்மவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு கதை உண்டு. 1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரியால் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அபூர்வமாகவே வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள் என்பதைத் தவிர அவர்களிடம் வேறு விசேஷம் இல்லை. வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் 1905-ல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் இன்னொரு பகுதியினருக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் நோய் வந்தது, சாவும் வந்தது. புழுங்கல் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் தாத்தாக்கள் மூட்டைமூட்டையாகச் சுமந்த அந்த அரிசியை, வெள்ளையாக இல்லை என்று நாமே இப்போது ஒதுக்கிவிட்டோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தயமின் குறைவால் வந்த தளர்ச்சி ஊசி போட்ட சில நாட்களில் திரும்பிவிடக்கூடியது. அப்பாவுக்கு அதுவே முழுக் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சாப்பாடு குறைந்து நாலு மாதம் ஆகிறது. நீர் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டாலும் தயமின் சிறுநீரில் போகும். பி1 மாத்திரை சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

இனி அந்தப் பொட்டலம். தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான், கோபம் அப்பா மேல் இல்லை. மூட்டை தூக்கித் தேய்ந்த முழங்காலோடு கடையில் நிற்கவேண்டிய மனிதன், வலி போனால் போதும் என்று வாங்கத்தான் செய்வான். இந்தப் பொட்டலங்களில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை இருக்கும், கூடவே ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரண்டுமே உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்குபவை, பிரஷரையும் ஏற்றுபவை. வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும், நீர் மாத்திரையின் வேலையையும் தடுக்கும். பல வருடப் பிரஷரால் ஓய்ந்திருந்த இதயத்தை இந்த நாலு மாதத்தில் கீழே தள்ளியது பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

ஆனால் இதைப் படித்ததும் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வருடக்கணக்காக ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால் உடம்பு தானே சுரக்கவேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சம் இருக்கிற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கோ மறுநாளோ டாக்டரிடம் போங்கள். வலி மாத்திரையை அவர் உடனே நிறுத்துவார், ஸ்டீராய்டு இருந்தால் படிப்படியாகக் குறைப்பார். முழங்காலுக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், மேலே தடவும் மருந்து, ஒரு கைத்தடி. தடி பிடிக்க வெட்கப்படுவார், வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் மாத்திரை தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக இறக்கி மூச்சை இலகுவாக்கும். ஆயுளை நீட்டுபவை வேறு. எனலாப்ரில் போன்ற குழாயைத் தளர்த்தும் மருந்து ஒன்று, துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் ஒன்று, ஸ்பைரனோலாக்டோன் ஒன்று. இப்போது நாலாவதாக டாபாகிளிஃப்ளோசின் வகை. அது சர்க்கரை மாத்திரையாக வந்தது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் தளர்ந்த இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று 2019-ல் உறுதியானது. ஆகவே கடைக்காரர் ‘இது சக்கரை மாத்திரை, உங்க அப்பாவுக்கு எதுக்கு?’ என்று கேட்டால் குழம்பாதீர்கள். ஸ்பைரனோலாக்டோன் ரொம்பப் பழைய, மலிவான மாத்திரை. கடுமையான தளர்ச்சி உள்ளவர்களிடம் அது சாவை 30 சதவீதம் குறைத்ததை 1999-ல் ஓர் ஆய்வு காட்டியது. எனலாப்ரில் குடும்பத்தின் மூத்த மருந்து பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. வயலில் விரியன் கடித்துச் சிறுநீரகம் நின்றுபோனவர்களைப் பார்த்தே பாதி வயதைக் கழித்த எனக்கு, இந்தச் செய்தி இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மறுபடி டி.பி.யோ என்று ஓடாமல் மாற்று மருந்து கேளுங்கள். ஸ்பைரனோலாக்டோனால் ஆண்களுக்கு மார்பு லேசாக வீங்கி வலிக்கலாம், அதை அப்பா உங்களிடம் சொல்ல மாட்டார், அம்மாவோ தம்பியோ கேட்கட்டும். பீட்டா பிளாக்கர் முதல் சில வாரம் அசதி தரும், பிறகுதான் பலன் தெரியும். மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் பார்த்தே ஆகவேண்டும். பொட்டாசியம் எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதற்காகத்தான் தினமும் இளநீர் வேண்டாம், ‘உப்புக்குப் பதில் உப்பு’ என்று விற்கும் பொட்டாசியம் உப்பும் வேண்டாம் என்கிறேன்.

பஸ் பிரச்சினை நியாயமானது. பெகுவிலிருந்து ரங்கூனுக்கு ஐம்பது மைல், வழியில் இறங்க முடியாமல் ஒரு பெரிய மனிதர் தவிக்கவேண்டுமா? லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையின் பெயரே ஆறு மணி நேரம் நிற்கும் என்ற பொருளில் வைத்தது என்பார்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், ஐந்தாறு மணி நேரத்தில் ஓயும். ஆகவே பயண நாளில் நேரத்தை மாற்றலாம், விடக்கூடாது. விடியற்காலை நாலு மணிக்குப் போட்டுவிட்டுப் பத்து மணி பஸ் பிடிக்கலாம், அல்லது போய்ச் சேர்ந்த பிறகு போடலாம். மாலை ஆறு மணிக்கு மேல் தள்ளினால் தூக்கம் போகும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேதி, வாந்தி வந்தாலோ சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு தலை சுற்றினாலோ அன்றைக்கு இந்த மாத்திரைகளை என்ன செய்வது என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஙப்பி. இதில் நான் சொல்வது அப்பாவுக்குப் பிடிக்காது. உலக சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்காரருக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் என்கிறது, ஒரு சின்ன தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் உப்பு இரண்டு வீட்டுச் சீதனம் போல வந்து சேர்கிறது. தமிழ்ப் பக்கத்திலிருந்து ஊறுகாய், அப்பளம், கருவாடு. பர்மியப் பக்கத்திலிருந்து ஙப்பி, ஙான்பியாயே என்கிற மீன் நீர், எல்லாவற்றின் மேலும் ஒரு தூவல் அஜினமோட்டோ. அஜினமோட்டோவும் சோடியம்தான், உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கோப்பை மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) இதில் மூன்று ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். இந்துப்பும் உப்புதான், நிறம் வேறு.

முழுக்கத் தடை போட்டால் திருட்டுத்தனமாகச் சாப்பிடுவார், நீங்களும் போலீஸ் வேலை பார்த்து ஓய்ந்துபோவீர்கள். என் வழி இது: சமையலில் உப்பைப் பாதியாக்குங்கள், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே. புளி, எலுமிச்சை, பச்சைமிளகாய், இஞ்சி, வறுத்த வெங்காயம், மல்லித்தழை தாராளமாகப் போடுங்கள். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வீட்டுக்கு வரவேண்டாம். வாரத்தில் ஒரு நாள், நகக்கண் அளவு ஙப்பியைச் சுட்டு, உப்பே போடாத குழம்போடு வையுங்கள். மொஹிங்கா ஆசை வந்தால் வீட்டில் செய்யுங்கள், மீனும் வாழைத்தண்டும் தூக்கலாக. தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். வீக்கம் இருக்கும்வரை ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்குள் என்று டாக்டர் சொல்லியிருந்தால் டீயும் கஞ்சியும் ரசமும் அந்தக் கணக்கில்தான்.

அடுத்து, ஓர் எடை மெஷின் வாங்குங்கள். தம்பியின் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, டீக்கு முன்னால், அதே மாதிரி லுங்கியோடு ஏறி நிற்கட்டும். எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டே கால் பவுண்டு. ஒரே நாளில் இரண்டு மூன்று பவுண்டு, அல்லது ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டு ஏறினால் அது சோறு சேர்த்த சதை இல்லை, தண்ணீர். கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் முன்பே மெஷின் சொல்லிவிடும். அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள். தலையணையையும் எண்ணி எழுதினால் இன்னும் நல்லது.

உட்கார்ந்தும் மூச்சு முட்டி ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால், உதடு நீலமானால், மயங்கி விழுந்தால், நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் போனெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. போகும் வழியில் அவரைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, யாராவது முதுகில் முட்டுக் கொடுத்துக்கொண்டு போங்கள். படுக்க வைத்து வண்டியில் ஏற்றியதால் வழியிலேயே மோசமானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பழைய கணக்குகளில் இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டினார்கள், பாதிப் பேர் தாண்டவில்லை. உங்களிடம் இதை மறைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்தப் பாதிகளில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று என்னாலும் சொல்ல முடியாது, அத்தையாலும் சொல்ல முடியாது. அவருக்கு இன்னும் எந்த மருந்தும் ஒழுங்காகத் தொடங்கவில்லை, பிரஷர் கட்டுக்குள் வரவில்லை, பொட்டலம் நிற்கவில்லை. சரிசெய்ய இவ்வளவு மிச்சம் இருக்கிற நோயாளியைப் பார்த்தால் எனக்குப் பயத்தை விட நம்பிக்கைதான் வரும். மூன்று மாதம் மருந்து முழு அளவில் போன பிறகு மறுபடி எக்கோ எடுத்து எழுதுங்கள், அப்போது பேசலாம். அதுவரை படுக்கையில் போட்டு வைக்காதீர்கள். வீக்கம் வடிந்ததும் காலையில் பத்து நிமிடம் தெருவில் நடக்கட்டும், பேச்சு தடைபடாத வேகத்தில்.

கடைசியாக வேண்டுதல். நெருப்பு அவருடைய இதயத்தை ஒன்றும் செய்யாது, குழியைக் கடக்கச் சில விநாடிதான். அதற்கு முன்னால் நடப்பதைத்தான் நான் பார்க்கிறேன். விரதம், வெறும் வயிறு, வெயிலில் பல மணி நேரம் ஊர்வலத்தில் நிற்பது, மேளத்தோடு ஓட்டம், ‘இன்னிக்கு மாத்திரை வேண்டாம், அம்மன் பாத்துக்குவா’ என்று விட்டுவிடுவது. இந்தப் பங்குனிக்கு அது முடியாது. பூசாரியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். வேண்டுதலைத் தள்ளி வைப்பதும், வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வதும் நம் கோயில்களில் புதிதில்லை. அப்பாவிடம் ‘கூடாது’ என்று சொன்னால் மல்லுக்கு நிற்பார், ‘அடுத்த வருஷம்’ என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவருக்குக் குழியோரம் நிழலில் ஒரு நாற்காலி போடுங்கள், காலை மாத்திரையைப் போட்ட பிறகு கூட்டிப் போங்கள். கோயில் அன்னதானத்தில் ஊறுகாயைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.